மண் பாதை மோட்டார் சைக்கிள் ராலி: செட்டிநாட்டிலிருந்து முதன்முறை கலந்துகொள்வோரின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் மண் பாதையில் வண்டி ஓட்டும் ஆர்வமுள்ள தம்பி தங்கைகள் என்னிடம் நேரிலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒருசேர எழுதியிருக்கிறேன். காரைக்குடியில் வேலை பார்த்துக்கொண்டே, விடுப்பு எடுத்துப் போய் இதுவரை நான்கு ராலிகளில் ஓட்டியிருக்கிறேன். அவற்றில் மூன்றை முழுமையாக முடித்தேன். முதல் ராலியை உடம்புக்கும் வண்டிக்கும் சேதமின்றி முடிக்க என்ன தேவையோ அதைப் பற்றியே இந்தப் பதில்கள் பேசுகின்றன.

ராலி என்பது மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் போன்ற பந்தயங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

மோட்டோகிராஸிலும் சூப்பர்கிராஸிலும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒன்றாகப் புறப்பட்டு, மூடிய களம் ஒன்றைப் பல முறை சுற்றி வருவார்கள். ராலியில் ஒவ்வொருவரும் குறித்த இடைவெளியில் தனித்தனியாகப் புறப்படுவார்கள், போட்டி கடிகாரத்தோடுதான். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து விட்டாலும், எல்கை வரை போய்த் திரும்பும் வண்டிகளில் எது முந்துகிறது என்பது சாலையோரம் நிற்பவருக்கே தெரிந்துவிடும். ராலியில் அப்படித் தெரியாது. உங்களுக்கு முன்னால் போகிறவர் உங்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டிருக்கலாம். பின்னால் தூசிக்குள் மறைந்து வருபவர் முதலிடத்தில் இருக்கலாம். ஆகவே முன்னே தெரியும் வண்டியைத் துரத்துவது முதல் ராலியில் பலரும் செய்யும் பெரும்பிழை.

ஒரு நாள் ராலியின் தூரம் இரண்டு வகையாகப் பிரிக்கப்படும். போக்குவரத்துக்கு மூடப்பட்ட பாதையில் முழு வேகத்தில் ஓட்டும் பகுதியை ஸ்பெஷல் ஸ்டேஜ் என்கிறார்கள். ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்த ஸ்டேஜுக்குப் பொதுச் சாலை வழியாகச் செல்வது டிரான்ஸ்போர்ட். அங்கே சாலை விதிகள் முழுவதும் பொருந்தும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் தண்டனை நேரம் உண்டு.

தொழில்முறை ஓட்டுநர் அல்லாத ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். இந்தியாவில் மோட்டார் விளையாட்டை நெறிப்படுத்தும் அமைப்பு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்.எம்.எஸ்.சி.ஐ.; உலக அளவில் மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தும் எஃப்.ஐ.எம். அமைப்பின் இந்திய உறுப்பு அதுதான். அந்த அமைப்பிடம் போட்டி உரிமம் பெற வேண்டும். ராலியின் ஒரு பகுதி பொதுச் சாலையில் நடப்பதால் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும், வண்டியின் பதிவுச் சான்றும், காப்பீடும் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ராலிக்கும் துணை விதிகள் என்றொரு ஆவணம் வெளியிடுவார்கள். வகுப்புகள், அனுமதிக்கப்படும் மாற்றங்கள், தண்டனை நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும். அதை இரண்டு முறை படியுங்கள். இரண்டாவது முறை பென்சிலோடு படியுங்கள்.

முதலில் எந்த வகைப் போட்டியில் சேர்வது நல்லது?

டி.எஸ்.டி. எனப்படும் நேரம், வேகம், தூரம் அடிப்படையிலான ராலியில் தொடங்குங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். அதில் வேகமாக ஓட்டுபவர் வெல்வதில்லை. கொடுக்கப்பட்ட சராசரி வேகத்தைத் துல்லியமாகக் கடைப்பிடிப்பவரே வெல்கிறார். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 100 விநாடி, 40 என்றால் 90 விநாடி, 45 என்றால் 80 விநாடி. இந்த மூன்றையும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்துவிட்டால், 36 கிலோமீட்டர் வேகப் பகுதியில் 7.2 கிலோமீட்டர் கடந்திருக்கும்போது கடிகாரம் 12 நிமிடம் காட்ட வேண்டும் என்பதை நின்றுகொண்டே ஓட்டும் நிலையிலும் கணக்கிட்டுவிடலாம். பதற்றமில்லாமல் வழி பார்க்கவும், நேரம் பார்க்கவும், வண்டியைக் காப்பாற்றவும் இது கற்றுத்தருகிறது.

அடுத்த படி ராலி ஸ்பிரின்ட். ஒரே நாளில் சில கிலோமீட்டர் நீளமுள்ள மண் ஸ்டேஜை இரண்டு மூன்று முறை ஓட்டுவது. பல நாள் நீளும் கிராஸ் கன்ட்ரி ராலிகளுக்கு இவ்விரண்டையும் கடந்த பிறகு போகலாம்.

எந்த வண்டி பொருத்தமானது? வெளிநாட்டு வண்டி வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முன் சக்கரம் 21 அங்குலம், கம்பிச் சக்கரங்கள், உங்களால் தனியாகத் தூக்கி நிறுத்தக்கூடிய எடை ஆகிய மூன்றும் போதும். 2019-இல் வெளிவந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 199.6 சிசி எஞ்சினோடு ஏறத்தாழ 160 கிலோ எடை கொண்டது. நம் ஊர்ப் பட்டறைகளில் உதிரி பாகம் கிடைக்கும், பழுதும் பார்ப்பார்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 நீண்ட பயணத்துக்கு மிகவும் உகந்த வண்டி, ஆனால் அதன் எடை 199 கிலோ. நாற்பது கிலோ வித்தியாசம் காட்சியறையில் தெரியாது. மதிய வெயிலில், மணலில், ஐந்தாவது முறை விழுந்த வண்டியை நிமிர்த்தும்போது தெரியும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். புல்தரையில் வண்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கைப்பிடியை முழுவதும் திருப்பி, முதுகை வண்டிப் பக்கம் வைத்து, கால்களால் உந்தி நிமிர்த்துங்கள். தொடர்ந்து மூன்று முறை முடிந்தால் அந்த வண்டி உங்களுக்கானது.

வண்டியில் என்னென்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்?

முதல் ராலிக்கு எஞ்சினைத் தொடாதீர்கள். கூடுதல் குதிரைத்திறன் உங்களை முடிவுக்கோட்டுக்குக் கொண்டுசெல்லாது. எஞ்சினுக்கு அடியில் அலுமினியத் தகடு, கைப்பிடிக் காப்பு, தடித்த புடைப்புகள் கொண்ட முட்டு டயர்கள், கனத்த டியூப், டயர் ரிம்மில் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் ரிம் லாக், நின்று ஓட்டும்போது முழங்கை இயல்பாக மடியும் உயரத்துக்கு ஹேண்டில்பார், பூட்ஸ் வழுக்காத அகலமான கால்மிதி ஆகியவை போதும். கிளட்ச் நெம்புகோலும் பிரேக் நெம்புகோலும் உதிரியாக ஒன்றொன்று கட்டாயம் வேண்டும். விழுந்தால் முதலில் ஒடிவது அவைதான்.

பராமரிப்பில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று, காற்று வடிகட்டி. செம்மண் தூசி மாவைப்போல் நுண்மையானது. அது வடிகட்டியைத் தாண்டிப் போனால் சிலிண்டரும் பிஸ்டன் வளையங்களும் தேய்ந்துவிடும். ஃபோம் வடிகட்டியாக இருந்தால் ஒவ்வொரு நாள் முடிவிலும் கழுவி, முழுமையாக உலரவிட்டு, அதற்குரிய எண்ணெயைத் தடவி மாட்ட வேண்டும். ஆகவே மூன்று வடிகட்டிகளைத் தயார்நிலையில் உறையிலிட்டுக் கொண்டுபோவது என் வழக்கம். மற்றொன்று, சக்கரக் கம்பிகள். ஒவ்வொரு கம்பியையும் சிறிய ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். புதிதாகக் கோத்த சக்கரமானால் முதல் 100 கிலோமீட்டருக்குள் இரண்டு முறை இப்படித் தட்டிக் கேட்டுவிட வேண்டும்.

சீமைக்கருவேல முள்ளை எப்படிச் சமாளிப்பது?

செட்டிநாட்டில் பயிற்சி செய்பவரின் முதல் எதிரி இந்த முள்தான். கண்மாய் ஓரங்களிலும் வெட்டிப்போட்ட வேலிகளிலும் கிடக்கும் காய்ந்த முள் டயரின் தடித்த முட்டுகளுக்கு இடையே இறங்கி, மெதுவாக உள்ளே நகர்ந்து, நீங்கள் வீட்டுக்குத் திரும்பிய இரவில்தான் காற்றை இறக்கும்.

கல்லலில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் நான் கற்றது இது. டியூபை ஒட்டிவிட்டு டயரை மாட்டப்போன என் கையைப் பிடித்து நிறுத்தி, "ஒட்டுனது சரி தம்பி, குத்துனவன் இன்னும் உள்ளதான் இருக்கான்" என்றார். பழைய பருத்தி வேட்டித் துணி ஒன்றைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். விரலுக்குத் தட்டுப்படாத முள்முனை துணியின் நூலைப் பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே அரிசிமுனை அளவுக்குப் பழுப்பு நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. குறடால் பிடித்து இழுத்தபோது ஒன்றரை அங்குல முள் வெளியே வந்தது. அன்றிலிருந்து என் கருவிப் பையில் துணிச் சுருள் ஒன்று எப்போதும் இருக்கிறது. ராஜஸ்தானிலும் இதே மரம் பரவலாக இருக்கிறது என்பதால், இங்கே கற்ற இந்தப் பாடம் அங்கேயும் பயன்படும்.

டயரைக் கழற்றி, டியூப் மாற்றி, திரும்ப மாட்டுவதை வெயிலில் நின்று, பிறர் உதவியின்றி, இருபது நிமிடத்துக்குள் செய்யப் பழகுங்கள். காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, சரளைப் பாதையில் முன் டயருக்கு 20, பின் டயருக்கு 22 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். மணலில் இன்னும் சற்றுக் குறைக்கலாம். கல் நிறைந்த பாதையில் குறைத்தால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிப் பாம்புக்கடி போல் இரட்டைத் துளை விழும்.

ரோட்புக் என்பது என்ன? அதைப் படிக்க எப்படிப் பழகுவது?

கிராஸ் கன்ட்ரி ராலியில் வழியைக் காட்டுவது வரைபடமோ கைப்பேசியோ அல்ல, ரோட்புக் எனப்படும் காகிதச் சுருள். வண்டியின் முன்புறத்திலுள்ள பெட்டிக்குள் அது சுற்றப்பட்டிருக்கும். இடது கைப் பெருவிரலால் ஒரு விசையை அழுத்தி அதை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இடப்பக்கம் தொடக்கத்திலிருந்து மொத்த தூரமும் முந்தைய குறிப்பிலிருந்து இடைப்பட்ட தூரமும், நடுவில் சந்திப்பின் படமும், வலப்பக்கம் குறிப்பும் இருக்கும். படத்தில் உருண்டைப் புள்ளி நீங்கள் வரும் திசை, அம்புமுனை நீங்கள் போக வேண்டிய திசை. நெதர்லாந்தில் 1949-இல் தொடங்கிய டூலிப் ராலியின் பெயரால் இந்தப் படங்களை டூலிப் என்றே அழைக்கிறார்கள். ஆபத்தை ஆச்சரியக்குறியால் காட்டுவார்கள். ஒன்று என்றால் கவனம். இரண்டு என்றால் வேகத்தைக் குறை. மூன்று என்றால் உயிருக்கே ஆபத்து. மூன்று குறி இருக்கும் கட்டத்தை முந்தைய இரவே சிவப்பு மையால் நிரப்பிவிடுகிறேன்.

இதைப் பழகுவதற்குக் கருவி வாங்கக் காத்திருக்க வேண்டாம். ஏ4 தாள்களைக் குறுக்கே பாதியாக வெட்டி, குட்டையான பக்கங்களை ஒன்றோடொன்று ஒட்டினால் ராலியில் பயன்படும் அகலத்திலேயே சுருள் கிடைத்துவிடும். நானும் கல்லலைச் சேர்ந்த என் நண்பரும் ஒரு ஞாயிறு மாறி ஒரு ஞாயிறு இதைச் செய்தோம். அவர் ஒரு வாரம் வழியை ஓட்டி எழுதுவார். அடுத்த வாரம் அந்தச் சுருளை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஓட்டுவேன். "12.40 — இடை 0.85 — ஊரணி வலப்பக்கம், பனைமரத்தருகே இடது" என்பது போன்ற குறிப்புகள்.

அந்தப் பயிற்சியில் நான் செய்த பிழை ஒன்று பெரிய பாடமாக அமைந்தது. 17.20 கிலோமீட்டரில் ஊரணியைத் தாண்டித் திரும்ப வேண்டும். அதற்கு முன் ஒருமுறை வழி தவறி 300 மீட்டர் போய்த் திரும்பியிருந்தேன். அந்த 600 மீட்டரைத் தூரம் காட்டும் மீட்டரிலிருந்து கழிக்கவில்லை. மீட்டர் 17.20 காட்டியபோது அருகில் தற்செயலாக வேறொரு சிறிய ஊரணி இருந்தது. கண்ணுக்கு எல்லாம் பொருந்தியதால் திரும்பிவிட்டேன். அது ஒரு பெரிய வீட்டின் பின்வாசலில் போய் முடிந்தது. வெளியே வந்த ஆச்சி, "யார் வீட்டுக்கு அப்பச்சி வந்திய? முகப்பு அந்தத் தெருவுலல்ல இருக்கு" என்று கேட்டு, ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்து வழி சொல்லி அனுப்பினார்கள். வழி தவறினால், கடைசியாக உறுதியாகத் தெரிந்த கட்டத்துக்குத் திரும்பிப் போய், மீட்டரை அங்குள்ள எண்ணுக்குத் திருத்திவிட்டுத்தான் மீண்டும் தொடங்க வேண்டும்.

உண்மையில், வழி பார்க்கப் பழகச் செட்டிநாட்டு ஊர்களைப்போல் வாய்ப்பான இடம் குறைவு. நேர்க்கோடாக வெட்டிக்கொள்ளும் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள், ஒன்றுபோலவே தோன்றும் மதில்கள். அங்கே அடையாளம் கைகொடுக்காது, தூரக் கணக்கு மட்டுமே கைகொடுக்கும். ஊருக்குள் மட்டும் நடை வேகத்திலேயே செல்லுங்கள்.

மீட்டரின் துல்லியத்தையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்து 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மீட்டர் 10.3 காட்டினால் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 300 மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று பொருள். டயர் மாற்றினாலும், காற்றழுத்தம் குறைத்தாலும் இந்தக் கணக்கு மாறும்.

செட்டிநாட்டில் எங்கே பயிற்சி செய்யலாம்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

நம் பகுதியில் செம்மண் தடங்கள், சரளை மேடுகள், தைலமரக் காடுகளுக்கு இடையே ஓடும் வண்டித்தடங்கள், கோடையில் காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகைகள் எல்லாம் உண்டு. ஆனால் ஆளில்லாத இடம் என்பதால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று நினைக்கக்கூடாது. தைலமரத் தோப்புகளில் பல, வனத்துறை அல்லது வனத்தோட்டக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை. அனுமதியின்றி நுழைவது குற்றம். கண்மாய்க் கரையில் எக்காரணம் கொண்டும் ஏறாதீர்கள். முட்டு டயர் கீறிய தடத்தில்தான் ஐப்பசி மழை நீர் இறங்கிக் கரையை அரிக்கும். அந்தக் கரையை நம்பி ஓர் ஊரின் நெல் இருக்கிறது. அய்யனார் கோயில்களைச் சூழ்ந்த கோயில்காடுகளுக்குள்ளும் வண்டி போகக்கூடாது. புரவிகள் வரிசையாக நிற்கும் அந்த இடங்களில் எஞ்சினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதுகூடப் பொருத்தமன்று, சுற்றிப் போங்கள்.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளிமையானது. தரிசு நிலத்தின் உரிமையாளரை நேரில் பார்த்து, எத்தனை பேர், எந்த நேரம், எவ்வளவு சத்தம் என்று சொல்லிக் கேட்கிறோம். ஊர்த் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறோம். அதன்பின் ஆடுகள் மேய்ச்சலுக்கு வரும். சிராவயல் மஞ்சுவிரட்டு போன்ற விழாக்கள் நடக்கும் தை மாத நாட்களிலும், சுற்றுவட்டாரத்தில் புரவியெடுப்பு நடக்கும் நாட்களிலும் வண்டியை எடுப்பதில்லை.

பொதுச் சாலையில் வேகம் பார்ப்பது வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்த அனுமதிப்பதையும் அதில் பங்கேற்பதையும் தண்டனைக்குரியதாக்குகிறது. முறையான பயிற்சிக் களம் வேண்டுமானால், கர்நாடகத்தில் கோலார் அருகே ராலி ஓட்டுநர் சி. எஸ். சந்தோஷ் அமைத்த பிக்ராக் டர்ட்பார்க்குக்கு ஒரு வாரக்கடைசி போய்வருவது செலவுக்குத் தகுந்த பலன் தரும்.

சரளையிலும் மணலிலும் எப்படி ஓட்டுவது?

எழுத்தில் கற்பிக்கக்கூடியது குறைவுதான். நின்று ஓட்டுங்கள், எடை முழுவதும் கால்மிதியில் இருக்கட்டும், கைகளில் அன்று. முழங்கால்கள் டேங்கைப் பிடித்திருக்க, முழங்கைகள் விரிந்திருக்க, பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் பாதை முடியும் இடத்தில் இருக்க வேண்டும். செம்பாறைச் சரளை காலடியில் கோலிக்குண்டு போல் உருளும். அதில் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் விழுவது உறுதி. திருப்பத்துக்கு முன்பே, நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணலில் இதற்கு மாறாக, பயந்து வேகத்தைக் குறைக்கும்போதுதான் முன்சக்கரம் புதையும். உடம்பைப் பின்னால் சாய்த்து, சீராக முறுக்கிக்கொண்டே போனால் வண்டி மிதந்து செல்லும். கைப்பிடி அசைவதை அசையவிடுங்கள். முதல் மழை பெய்த செம்மண்ணில் மட்டும் பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. மேலே சவர்க்காரம், கீழே பாறை என்ற நிலை அது.

முன்னால் போகிறவரின் தூசிக்குள் நுழையாதீர்கள். பத்து விநாடி நின்று தூசி அடங்கட்டும். அந்தப் பத்து விநாடியைத் திரும்பப் பெறலாம். தூசிக்குள் தெரியாமல் மோதிய கல்லினால் வளைந்த ரிம்மை அன்றைக்குத் திரும்பப் பெற முடியாது.

பாதுகாப்புச் சாதனங்களில் எதை முதலில் வாங்குவது?

வண்டிக்குச் செலவிடும் முன் உடம்புக்குச் செலவிடுங்கள். தரச்சான்று பெற்ற மண் பாதைத் தலைக்கவசம், கண்ணாடிக் கவசம், கணுக்கால் முறுக்காமல் தடுக்கும் முழு நீள பூட்ஸ், முழங்கால் காப்பு, மார்பும் முதுகும் மூடும் கவசம், கழுத்துக் காப்பு என்ற வரிசையில் வாங்கலாம். பணம் போதவில்லையென்றால் போட்டியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். என் நண்பர்களில் ஒருவர் பூட்ஸுக்குப் பதிலாகத் தொழிற்சாலைக் காலணியோடு பயிற்சிக்கு வந்து, நின்ற நிலையில் சாய்ந்த வண்டி காலின்மேல் விழுந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தார். வண்டி ஓடிக்கொண்டிருக்கவே இல்லை.

தலையில் அடிபட்டு மயக்கமோ, குழப்பமோ, வாந்தியோ ஏற்பட்டால் அன்றைக்குப் போட்டி முடிந்தது என்று கொள்ளுங்கள். நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவர் சொல்லும்வரை வண்டியில் ஏறக்கூடாது. தலைக்கவசமும் மாற்றப்பட வேண்டும்.

வெயில், உணவு, உடற்பயிற்சி?

குன்றக்குடியில் கூடிப் பழநிக்குக் காவடியோடு நடந்துசெல்லும் நகரத்தார்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தொலைதூரத்தின் ஒழுங்கு புதிதன்று. விடியுமுன் புறப்படுவது, உச்சி வெயிலில் அடங்குவது, தாகம் எடுக்குமுன் குடிப்பது, காலைக் கவனிப்பது. ராலிக்கும் அதே ஒழுங்குதான் பொருந்துகிறது. முதுகில் மாட்டும் இரண்டு அல்லது மூன்று லிட்டர் தண்ணீர்ப் பையில் ஒரு பங்கு ஓ.ஆர்.எஸ். கலந்த நீராக இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தசை பிடித்துக்கொள்ளும். காலையில் இட்லி, வாழைப்பழம்; வழியில் கடலை மிட்டாய்; மாலையில் நீர்மோர். வறுவல், குழம்பு எல்லாம் ராலி முடிந்து ஊர் திரும்பிய பிறகு.

உடற்பயிற்சியில் தொடை, முதுகு, கைப்பிடிப்பு ஆகிய மூன்றும் முக்கியம். வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டமோ சைக்கிளோ, இரண்டு நாள் தண்டாலும் பஸ்கியும் செய்தால் மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பந்தயத்தின்போது வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்காது. வழக்கமான வாகனக் காப்பீட்டில் ஒழுங்குபடுத்தப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டுள்ளன. உங்கள் உடலுக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் மோட்டார் விளையாட்டை உள்ளடக்குகின்றனவா என்பதைப் பதிவுக் கட்டணம் செலுத்தும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வண்டியைத் தொலைதூர ராலிக்கு எப்படிக் கொண்டுபோவது? செலவு எதில் அதிகம்?

தென் மாநிலங்களுக்குள் என்றால் மூன்று பேர் சேர்ந்து ஒரு குட்டியானை பிடிப்பது சிக்கனம். ராஜஸ்தான் போன்ற தொலைவுக்கு ரயில் பார்சலில் அனுப்பலாம். டேங்கில் பெட்ரோல் துளியும் இருக்கக்கூடாது, பதிவுச் சான்றின் நகல் வேண்டும், கைப்பிடியையும் விளக்கையும் சாக்கு வைத்துக் கட்டுவதை அருகிலிருந்து பாருங்கள். நுழைவுக் கட்டணத்தைவிடப் பயணம், டயர், தங்குமிடம் ஆகியவையே அதிகம் கேட்கும். பழுதானால் வண்டியோடு ஊர் திரும்பத் தேவையான பணத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியில் திட்டமிடுங்கள்.

பெண்கள் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்று, மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். காரைக்குடியில் எங்களோடு பயிற்சிக்கு வரும் தங்கை ஒருவர் ரோட்புக் படிப்பதில் எங்கள் எல்லோரையும்விடத் தேர்ந்தவர்.

இங்கிருந்து தொடங்கி டக்கார் வரை போக முடியுமா?

1978 டிசம்பர் 26-இல் பாரிஸிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்ட டக்கார் ராலி, 2009 முதல் 2019 வரை தென்னமெரிக்காவில் நடந்தது; 2020 முதல் சவுதி அரேபியாவில் நடந்துவருகிறது. 2015-இல் சி. எஸ். சந்தோஷ் 36-ஆம் இடத்தில் முடித்து, அதை நிறைவுசெய்த முதல் இந்தியரானார். கேரளத்தின் ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024-இல், முதல்நிலைப் பிரிவுக்கு அடுத்ததான ராலி 2 பிரிவை வென்று, ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடம் பெற்றார். ஷொர்ணூர் பாலைவன ஊரன்று என்பதைக் கவனியுங்கள். உதவிக் குழுவே இல்லாமல், ஒரே பெட்டியில் அடங்கும் கருவிகளோடு, இரவில் தன் வண்டியைத் தானே பழுதுபார்த்துக்கொண்டு ஓட்டும் ஒரு பிரிவும் டக்காரில் உண்டு. தொழில்முறை அல்லாத ஓட்டுநர்களை நான் மிகவும் மதிப்பது அந்தப் பிரிவில்தான். ஆனால் அதற்குத் தகுதிச் சுற்றுகளும் பெரும் பணமும் பல ஆண்டுப் பயிற்சியும் வேண்டும். முதல் ராலிக்கு முன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

போட்டி நாளில் புதியவர்கள் பெரும்பாலும் எங்கே தவறுகிறார்கள்?

வண்டி ஓட்டுவதில் அன்று, டைம் கார்டில். ஒவ்வொரு கட்டுப்பாட்டு நிலையத்திலும் மார்ஷல் உங்கள் நேரத்தை அந்த அட்டையில் எழுதித் தருவார். என் இரண்டாவது ராலியில், ஒரு நிலையத்தில் 10.47 என்பதற்குப் பதிலாக 10.41 என்று எழுதப்பட்டுவிட்டது. ஆறு நிமிடம் முன்னதாக வந்ததாகக் கணக்காகித் தண்டனை விழுந்தது. அட்டையைப் பார்க்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த ஸ்டேஜுக்குப் போய்விட்டதால், மாலையில் முறையிட்டபோது நிரூபிக்க வழியில்லை. எழுதியதை அந்த இடத்திலேயே உரக்கப் படியுங்கள். மார்ஷலின் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். தவறிருந்தால் அங்கேயே பணிவாகத் திருத்தக் கேளுங்கள். அவர்களும் விடியற்காலையிலிருந்து வெயிலில் நிற்பவர்கள்தான்.

வழியில் ஒருவர் விழுந்து கிடந்தால் நிற்க வேண்டுமா?

நிற்க வேண்டும். உங்கள் வண்டியை அவர் கிடக்கும் இடத்துக்குச் சற்று முன்பே, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி நிறுத்தி, பின்னால் வருபவரை எச்சரித்து, அடுத்து வருபவர் மூலம் நிலையத்துக்குச் செய்தி அனுப்புங்கள். தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு அன்று மாலை எழுதிக் கொடுத்தால் நடுவர்கள் பரிசீலித்துத் திருப்பித் தருவார்கள். தராவிட்டாலும் நிற்க வேண்டும்.

பாதியில் விலக நேர்ந்தால் என்ன செய்வது?

என் மூன்றாவது ராலியில் இரண்டாம் நாள் மதியம் கிளட்ச் தகடுகள் எரிந்து விலகினேன். வண்டியைப் பாதையிலிருந்து தள்ளி, மேட்டுப் பக்கமாக, அடுத்து வருபவருக்கு இடைஞ்சலில்லாமல் நிறுத்த வேண்டும். பாதையில் எதிர்த்திசையில் ஒரு மீட்டர்கூட ஓட்டக்கூடாது. எல்லோருக்கும் பின்னால் வரும் ஸ்வீப் வாகனம் உங்களை ஏற்றிக்கொள்ளும்வரை நிழலில், வண்டி தெரியும் தூரத்தில் காத்திருங்கள். கடைசி லிட்டர் தண்ணீரை அதற்காகத்தான் வைத்திருக்கச் சொல்வேன். நிலையத்துக்கு வந்ததும் டைம் கார்டை ஒப்படைத்து, விலகியதற்குக் கையெழுத்திடுங்கள். ஒப்படைக்காமல் லாரி பிடித்து ஊருக்குக் கிளம்பிவிட்டால், உங்கள் எண் வந்து சேரவில்லை என்று இருட்டில் விளக்கோடு காட்டுக்குள் ஆட்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்.